ஸ்கோப் பிரிவைப் பணத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்

அமெரிக்க விமானிகளின் சங்கங்களில் ஒப்பந்தப் பேச்சு தொடங்கினாலே ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடுகிறது. சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தினால் ஸ்கோப் பிரிவைச் சற்றுத் தளர்த்தலாமே என்கிறது ஒரு தரப்பு. கூடவே கூடாது என்கிறேன் நான்.

நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானத்தை யார் ஓட்டலாம் என்று வரையறுப்பதுதான் ஸ்கோப். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய மூன்று பெரிய விமான நிறுவனங்களும் பிராந்திய நிறுவனங்களிடம், அதாவது அவற்றின் பெயரில் குறுகிய தடங்களில் பறக்கும் சிறிய நிறுவனங்களிடம், ஒப்படைக்கும் ஜெட்டில் 76 இருக்கைகளுக்கு மேல் கூடாது. எடையும் பொதுவாக 86,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. 50 இருக்கைகளுக்கு மேற்பட்ட ஜெட்டுகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த வரம்புகளுக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: 2019இல் யுனைடெட், 70 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே700 விமானத்தில் 50 இருக்கைகளை மட்டும் பொருத்தி, சிஆர்ஜே550 என்ற பெயரில் பறக்கவிட ஏற்பாடு செய்தது. காகிதத்தில் எழுதிய ஒரு வரி நிர்வாகத்தை அந்த அளவுக்குக் கட்டிப்போடுகிறது.

அந்த வரி பலவீனப்பட்ட காலமும் உண்டு. 2001க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திவால் நீதிமன்றம் ஏறியபோது சங்கங்களின் கை தாழ்ந்தது. முன்பைவிடப் பெரிய ஜெட்டுகளை ஓட்டும் வேலையும் வெளியே, பிராந்திய நிறுவனங்களிடம் போனது. குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்பதால் பிராந்திய நிறுவனங்கள் ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலின் சுமை விமானிகளின் சம்பளத்தில் வந்து விழுந்தது.

2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே விழுந்த விமானத்தை என்னால் மறக்க முடியவில்லை. பயணிகள் வாங்கிய டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். விமானத்தை இயக்கியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். தரையில் இருந்த ஒருவரோடு சேர்த்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் தவறாக இயக்கினார் என்று விசாரணை முடிவுசெய்தது. துணை விமானி முந்தைய இரவு முழுக்க நாட்டின் மறுகரையிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். அவருடைய சொற்பச் சம்பளம் விசாரணையில் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. விபத்துக்கு வெளி ஒப்பந்தம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் ஒருவருடையது, பயிற்சியும் பணிநேரமும் இன்னொருவர் பொறுப்பு என்ற ஏற்பாட்டை அந்த விபத்து வெட்டவெளிச்சமாக்கியது. முதன்மை விமானிக்கு 1,500 மணி நேரம் என்றிருந்த தகுதி துணை விமானிக்கும் கட்டாயமானது 2013இல்தான்.

தளர்த்தலாம் என்பவர்கள் டெல்டாவின் 2012 ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டுவார்கள். அங்கே 76 இருக்கை ஜெட்டுகளைக் கூடுதலாக அனுமதித்தார்கள், உண்மைதான். பதிலுக்கு வெளியில் பறந்த 50 இருக்கை ஜெட்டுகள் பெருமளவு குறைந்தன. 88 போயிங் 717 விமானங்கள் டெல்டா விமானிகளிடமே வந்தன. பறக்கும் வேலைக்குப் பறக்கும் வேலையே ஈடாகக் கிடைத்தது. பணத்துக்கு விட்டுக்கொடுப்பது வேறு கணக்கு: உயர்ந்த சம்பளத்தை அடுத்த திவாலில் நிர்வாகம் வெட்டிவிடும், வெளியே போன வழித்தடமோ தானாகத் திரும்பி வராது.

ஸ்கோப்பை ஆதரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. பிராந்திய விமானியை மலிவான போட்டியாளராகப் பார்க்கும் பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அவரும் அதே வானத்தில், அதே உரிமத்தோடு, சில நிறுவனங்களில் அதே சங்கத்தின் உறுப்பினராகவும்தான் பறக்கிறார். வரம்பைக் காப்பதோடு நின்றுவிடாமல், ஒரே பெயரில் பறக்கும் எல்லோருக்கும் ஒரே பணிமூப்புப் பட்டியல் வேண்டும் என்ற கோரிக்கையையும் சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும். நிர்வாகம் உடனே ஒப்புக்கொள்ளாது. அதற்காகக் கேட்காமலே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.