தாப்பி அண்ணன்

எங்கள் டீமில் ஒருவருக்கு 'தாப்பி அண்ணன்' என்று பட்டப்பெயர். மலாயில் 'தாப்பி' என்றால் 'ஆனால்'. யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லோடுதான் வாயைத் திறப்பார்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். ஷிஃப்ட் மாறும்போது 15 நிமிடத்தில் முடிய வேண்டிய மீட்டிங், இவர் இருந்தால் முக்கால் மணி நேரம். இரவு ஷிஃப்ட் முடித்துப் பாலம் ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் போக வேண்டியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் நானும் மல்லுக்கு நின்றேன். ஒருநாள் அலுத்துப்போய், "சரிண்ணே, நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். உடனே அதற்கும் 'தாப்பி'! மனிதருக்குச் சொந்தக் கட்சியே கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது.

சும்மாவா 'விதண்டாவாதம்' என்கிறோம்? தர்க்கக் கலையான நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடிப் பேசினால் வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசினால் ஜல்பம். தனக்கென்று எதையும் நிறுவாமல் எதிராளி சொன்னதை உடைக்க மட்டும் பேசினால் விதண்டை. ஜல்பம் பேசுகிறவரோடுகூட மோதிப் பார்க்கலாம். விதண்டைக்காரரிடம் நாம் உடைக்க எதுவுமே இருக்காது.

அதனால் நாங்கள் காதை மூடிக்கொண்டோம். அதுதான் வினையானது. ஈரம் உறிஞ்சும் சில்லுகள் சிலவற்றை, அவை சுற்றி வரும் ரீலின் பையைத் திறந்த 168 மணி நேரத்துக்குள், அதாவது ஏழு நாளுக்குள், மின்சுற்றுப் பலகையில் ஏற்றிவிட வேண்டும். தாண்டினால் சூளையில் காயவைத்துத்தான் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் சில்லைப் பலகையில் பற்றவைக்கும் சால்டர் அடுப்புச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு விரிசல் விடும். "தாப்பி, இந்த ரீல் பிரிச்சுப் பத்து நாளாச்சே" என்று அண்ணன் சொன்னார். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த லாட் முழுக்க வீண்.

மறுநாள் அண்ணனை மட்டும் மாமாக் கடைக்கு (இங்கே தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு அப்படித்தான் பெயர்) அழைத்துப் போனேன். (தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, சொன்னேன். "தாப்பி, இங்க கோப்பிதான் நல்லா இருக்கும்" என்றார்.) எல்லாவற்றுக்கும் ஏன் 'தாப்பி' என்று கேட்டேன். வயதில் மூத்தவர்; மலாய், சீன நண்பர்கள் முன்னால் இதைக் கேட்டிருந்தால் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டார். "இருபது வருஷமா லைன்ல நிக்கிறேன் தம்பி. குறுக்கே பேசினாத்தான் எவனும் திரும்பிப் பார்க்கிறான்" என்றார். எனக்குத் தே இறங்கவில்லை.

பாவம்தான். அதற்காக முப்பது பேருடைய நேரத்தைத் தின்னலாமா? இப்போதெல்லாம் ஒவ்வொரு தாப்பிக்கும், "அப்போ என்ன செய்யலாம்ணே?" என்று கிண்டல் இல்லாமல் கேட்கிறேன். பதிலை மீட்டிங் குறிப்பில் அவர் பெயர் போட்டே எழுதுகிறோம். பத்துத் தாப்பி மூன்றாகிவிட்டது. அந்த மூன்றையும் காது கொடுத்துக் கேட்கிறோம்.

ரீல் பிரித்த தேதியைச் சரிபார்க்கும் வேலையும் இப்போது அவருடையதுதான். ஸ்டோர்க்காரர்கள் என்னைப் பார்த்து முறைக்கிறார்கள்.