எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை உலகை வைத்து அமேசான் எடுத்த 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரைக் குறைசொன்ன ரசிகர்கள் அனைவரும் நிறவெறியர்கள் என்று உங்கள் கட்டுரை முடிவுகட்டுவது அநியாயம். கறுப்பின நடிகர் எல்ஃபாக, அதாவது அந்தக் கதையில் வரும் சாகாவரம் பெற்ற இனத்தவராக, நடித்ததற்காக வசைபாடியவர்கள் இருந்தார்கள். அது வெட்கக்கேடு, அவர்களுக்காக ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். எங்கள் மனக்குறையே வேறு. டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்கு எழுதிய பின்னிணைப்பில் மந்திர மோதிரங்கள் வார்க்கப்பட்டதற்கும் மனிதர்களின் தீவு நாடான நூமெனோர் கடலில் மூழ்கியதற்கும் இடையே 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஓடுகின்றன. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் சாக, சாகாத எல்ஃபுகள் மீது மெல்ல மூண்ட பொறாமைதான் அந்த நாட்டைத் தின்றது. தொடரோ இத்தனையையும் சில ஆண்டுகளுக்குள் திணித்துவிட்டது. முதல் சீசனில் நூமெனோர் தொழிலாளி ஒருவன், எல்ஃபுகள் நம் வேலையைப் பறிப்பார்கள் என்று கூட்டத்தைத் தூண்டுகிறான். மரணபயம் எங்கே, இந்தக் கூலித் தகராறு எங்கே? கதையைத் தொடராக எடுக்கும் உரிமைக்கு மட்டும் சுமார் 25 கோடி டாலர் கொடுத்தவர்களிடம் இதைக் கேட்பது ரசிகனின் உரிமை.