முதுகைக் காட்டி நிற்கவா அவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள்?

கொழும்புத் தாமரைக் கோபுரத்துக்குப் போய் வந்து நாலு நாளாகிறது, இன்னும் வயிறு எரிகிறது. கோபுரத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கோபமெல்லாம் மேலே ஏறி வந்தும் வெளியே ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் விளிம்பை அடைத்துக்கொண்டு நிற்கிற சனத்தின் மேல்தான்.

அம்மாவுக்கு 71 வயது. கிழக்குக் கரையில் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்து கல்லடியிலேயே வளர்ந்தவர். எங்கள் பக்கம் சூரியன் கடலில் எழும்பி வாவிக்கு அப்பால் போய் மறையும், கடலுக்குள் சூரியன் இறங்குவதை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. 2022 செப்டெம்பரில் கோபுரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதை டிவியில் பார்த்த அன்று, "அதில ஏறினா சூரியன் கடலுக்குள்ள போறது தெரியுமா மகள்?" என்று கேட்டார். காலிமுகத்திடலில் நின்றாலே தெரியுமே என்றான் தம்பி. மணலிலும் நெரிசலிலும் நடக்க அம்மாவின் முழங்கால் விடாது. இங்கே என்றால் லிஃப்டில் நின்றபடியே போகலாம்.

இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே விடிய விடியப் பயணம், பகல் முழுக்க வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் கால் நீட்டிப் படுக்கை, பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் ரிக்கற் எடுத்து மேலே போய்விட்டோம். கீழே பேரே வாவி, அந்தப் பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரம். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன், அதுவும் எட்டி எட்டி. அம்மா கட்டை. மேற்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பிள்ளை தலைமுடியை முன்னால் எடுத்துப் போடுகிறாள், படத்தைப் பார்க்கிறாள், பிடிக்கவில்லை, திரும்பவும் போடுகிறாள். பக்கத்தில் ஒரு பொடியன் போனைக் கம்பில் மாட்டி, வட்ட லைட்டைப் போட்டு, ஒரே ஆட்டத்தை ஐந்தாறு தரம் ஆடுகிறான். அந்த லைட் நேரே அம்மாவின் கண்ணில் அடிக்கிறது.

"தம்பி, அம்மா ஒருக்காப் பார்க்கட்டும்" என்றேன். "ஒரு நிமிசம் அன்ரி" என்றான். எத்தனை ஒரு நிமிசம்! சூரியன் தண்ணீரைத் தொட்டபிறகு யாருக்காகவும் நிற்குமா? நான் தோளால் இடித்து வழி எடுக்கப் பார்த்தேன், அம்மா கையைப் பிடித்து, "சண்டை வேணாம், விடு" என்றார். பிறகு அந்தப் பொடியன் விலகினான்தான். அப்போது கடலுக்கு மேலே சிவப்பு மட்டும் மிச்சம்.

படம் எடுங்கள், நானும்தான் எடுத்தேன். ஆனால் ஒரு படம், இரண்டு படம், சரி, அப்புறம் தள்ளி நிற்க வேண்டாமா? பின்னால் ஒரு கிழவி பெருவிரலில் எம்பி எம்பி நிற்பது கண்ணுக்குத் தெரியாதா? தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை, அவன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பவும் ஆடத் தொடங்கினான். உங்கள் அம்மாவை அப்படி நிறுத்தி வைப்பீர்களா?

திரும்பும் ரயிலில் அக்கா போன் எடுத்து, சூரியன் எப்படி இருந்தது என்று கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "மேகம் மறைச்சிட்டுது பிள்ளை" என்றார்.

அன்றைக்கு மேற்கில் ஒரு துண்டு மேகம் இல்லை.