நூறு சதவீதம் வராத எங்கள் பள்ளிக்கூடம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பத்து நாளாகிறது. 2025 மே 16-ம் தேதி காலையிலிருந்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு, எந்தப் பள்ளி நூறு சதவீதம், எது கோட்டைவிட்டது என்று. நானும் படித்து, என் மகளும் படிக்கிற, சிஸ்டர்கள் நடத்துகிற அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி இந்த வருஷம் கோட்டைவிட்ட பட்டியலில் வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் தேறவில்லை. "நல்லா இருந்த பள்ளிக்கூடம், இப்ப போச்சு" என்று ஒருவர் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. பதில் போட்டால் சண்டையாகிவிடும் என்று அங்கே ஒன்றும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பிள்ளைகள் தேறாமல் போன இந்த வருஷத்தைப்போல நான் எங்கள் பள்ளியை நினைத்துப் பெருமைப்பட்ட வருஷம் வேறு இல்லை.

நூறு சதவீதம் எப்படி வருகிறது என்று பெற்றோராக இருக்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாப் பள்ளியையும் சொல்லவில்லை, உழைத்து வாங்குகிற பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் ஒன்பதாவது முடிகிற நேரத்தில், படிப்பு ஏறாத பிள்ளையின் அம்மாவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, "இவ பத்தாவது தாங்க மாட்டா, பிரைவேட்டா எழுதிக்கட்டும், டிசி வாங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லுகிற பள்ளிகளும் இருக்கின்றன. என் அண்ணன் மகளுக்கு இதுதான் நடந்தது, வேறொரு ஊரில், பெயர் வேண்டாம். டிசியை வாங்கிக்கொண்டு அண்ணி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார். பிரைவேட்டாக எழுதுவது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், யார் சொல்லிக்கொடுப்பது? ஒரு வருஷம் வீட்டில் மாடு கன்று பார்த்தாள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அந்தப் பள்ளி அந்த வருஷமும் நூறு சதவீதம்தான். பிளக்ஸ் கட்டினார்கள்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் வெயில் அதிகம் என்று தள்ளிப்போட்டு ஜூன் 10-ம் தேதிதான் பள்ளி திறந்தது. அந்த மாதமே பிடிஏ, அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். பத்தாவதுக்கு வந்திருக்கிற பிள்ளைகளில் பதினோரு பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது என்று ஹெச்எம் சிஸ்டர் மறைக்காமல் சொன்னார். கொரோனா சமயத்தில் ஆறாவது ஏழாவது படித்த பிள்ளைகள் இவர்கள், வீட்டில் போன் இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு வருஷமும் படிப்பே இல்லை. ஒரு அப்பா எழுந்து, "அந்தப் பதினோரு பேரால மத்த பிள்ளைங்க பேரும் கெடுது, சிஸ்டர் ஏதாவது பார்த்து செய்யணும்" என்றார். பார்த்துச் செய்வது என்றால் என்ன என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. சிஸ்டர் கோபப்படவில்லை. "ஆறாவதுல நம்மகிட்ட வந்த பிள்ளைங்க. நாலு வருஷமா நாம சொல்லிக்குடுக்கல. நம்ம தப்புக்குப் பிள்ளைக்கு டிசி குடுக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அன்றைக்கு நான் கைதட்டவில்லை, இன்றைக்குத் தட்டியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் காவிரி டெல்டா பக்கத்துப் படிப்பு தண்ணீரோடு சேர்ந்ததுதான். போன வருஷம் வழக்கம்போல ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். போர் செட் வைத்திருந்தவர்கள் குறுவை நெல் போட்டார்கள், மற்றவர்கள் அடுத்த போகமான சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். இதனால் நடவு வேலை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது. வீட்டில் அம்மா நடவுக்குப் போனால் பெரிய பெண்தான் சோறாக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், சில நாள் அவளே கூலிக்கு நடவுக்குப் போவாள். அந்தப் பதினோரு பேரில் ஒரு பிள்ளை அப்படித்தான் தொடர்ந்து எட்டு நாள் வரவில்லை. கிளாஸ் டீச்சர் ஒன்பதாவது நாள் சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாய்க்கால் கரையில் அதற்கு மேல் வண்டி போகாது என்று நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போயிருக்கிறார். அந்தப் பிள்ளை முழங்கால் வரை சேறோடு டீச்சரைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் நெல் கொட்டிவைக்கிற குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். டீச்சர் திட்டவில்லை. அவள் அம்மா போட்டுக்கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, "நாளைக்கு கணக்குல டெஸ்ட் இருக்கு, வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் வந்தாள், நகக்கண்ணில் சேறு போகாமலே வந்தாள். என் மகள்தான் பக்கத்து இருக்கை, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மூன்று பக்கமும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுக்கொண்டே போனார்கள், நட்ட சம்பா தண்ணீருக்குள் கிடந்தது. பள்ளி திறந்தபோது மைதானம் குளம். அந்தக் குளத்தின் ஓரத்தில் காய்ந்த இடமாகப் பார்த்து எங்கள் கோ-கோ பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டம் வரை போன அணி இது. அதில் வேகமான பிள்ளை யார் தெரியுமா, இப்போது தேறாத இரண்டு பேரில் ஒருத்தி. கடற்கரைப் பிள்ளை. அவள் விரட்டுகிறபோது பார்த்திருக்கிறேன், கம்பத்தைத் தொட்டுத் திரும்புகிற அந்த ஒரு நொடியில் உடம்பு பாதி மண்ணுக்குச் சாய்ந்துவிடும், விழுந்தாள் என்று நினைத்தால் எதிரணிப் பிள்ளையின் முதுகில் கை இருக்கும். அரை டிராயர் போட்டு ஓடக்கூடாது என்று அவள் வீட்டில் முதலில் சண்டை, முழங்கால் மறைகிற மாதிரி லெக்கிங்ஸ் வாங்கிக்கொடுத்து பிடி டீச்சர் சமாதானம் செய்தார்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று கேட்டால் எனக்கு 2004 ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது நான் ஒன்பதாவது. ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளித் தீ, கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். எங்கள் பள்ளியில் சாப்பிடுகிற இடம் கீற்றுக் கொட்டகை, அதைப் பிரித்துப் போட்டார்கள், வருஷக் கடைசி வரை புங்கமரத்தடியில்தான் சாப்பிட்டோம். அரையாண்டு லீவில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி. வகுப்பறையெல்லாம் கடற்கரை ஜனங்கள், பெஞ்சைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் பாய். பதினாலு வயசில் நான் கஞ்சி ஊற்றியிருக்கிறேன் அந்த வராந்தாவில். பள்ளி திறந்த அன்றைக்கு அட்டென்டன்ஸ் எடுக்கும்போது சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. உயிரோடு இருந்தும் வராதவர்கள் இருந்தார்கள், தாய் போனதால் வீட்டைப் பார்க்க நின்றுவிட்ட பிள்ளைகள். அப்போது இருந்த சிஸ்டர் ஒருவர், இன்றைக்கு இல்லை அவர், தற்காலிகக் குடியிருப்பில் ஒவ்வொரு கொட்டகையாகப் போய் அந்தப் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். ஒரு பிள்ளையின் கைக்குழந்தைத் தங்கையையும் சேர்த்துத் தூக்கி வந்து மடத்தில் வைத்துக்கொண்டார்கள், அக்கா படிக்கிற நேரம் மட்டும். பிள்ளை வரவில்லை என்றால் தேடிக்கொண்டு போவது என்கிற பழக்கம் எங்கள் பள்ளியில் அன்றைக்கிருந்தே இருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால், பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பது இந்தக் கரைக்கே பழைய விஷயம். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, மறு வருஷமே பெண்குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கியவர். அவர் லுத்தரன், எங்கள் சிஸ்டர்கள் கத்தோலிக்கர், சபை வேறு. ஆனாலும் பொட்டப்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று ஊரே கேட்ட காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பள்ளி நடந்திருக்கிறது. மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவர், பெண்கள் படிக்க வேண்டும் என்று தனியாகப் பாட்டுக் கட்டி எழுதினார். மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்து, பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போன ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில்தான் இன்றைக்குக் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. புதுமைப் பெண் என்கிற அந்தத் திட்டம் முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பரில்தான் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்குப் பிளஸ் டூ பிள்ளைகள் வராந்தாவில் குதித்த சத்தம் ரோடு வரை கேட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் கொடுக்கிற 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் மட்டும் இன்னமும் எங்களைச் சேர்க்கவில்லை. ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை, ஒருத்தி அரசுப் பள்ளி, ஒருத்தி உதவிபெறும் பள்ளி, அவளுக்கு உண்டு இவளுக்குக் கிடையாது. இதை அரசு யோசிக்க வேண்டும்.

மதம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற குடும்பம். என் மகள் வகுப்பில் நாகூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நோன்பு நாளில் அவர்களைப் பிடி பீரியடில் ஓடச் சொல்ல மாட்டார்கள். காலையில் ஜெபம் உண்டு, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. நான் படித்த ஏழு வருஷத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை, என் மகளையும் கேட்டதில்லை.

சரி, ஆண்டு விழாவுக்கு வருகிறேன். பிப்ரவரியில் நடந்தது. ஹெச்எம் சிஸ்டர் ஆண்டறிக்கை வாசித்தார். சாரணியர், ஜூனியர் ரெட் கிராஸ், கோ-கோ, பேச்சுப்போட்டி எல்லாம் வழக்கம்போல வந்தது. கடைசியில், "இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பை நிறுத்திய மாணவியர் எவரும் இல்லை" என்று ஒரு வரி. அதற்கு யாரும் கைதட்டவில்லை, அடுத்து நடனம் என்று பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் சலங்கையோடு நின்றார்கள். எனக்கு அந்த வரிதான் அந்த வருஷத்தின் கோப்பை. மாநிலம் முழுக்க இந்த வருஷம் பத்தாவதில் மாணவிகள் 95.88 சதவீதம், மாணவர்கள் 91.74 என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பெண்பிள்ளைகள் முந்தி என்று சந்தோஷம்தான். ஆனால் ஒன்று, அது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. டிசி வாங்கி அனுப்பப்பட்ட என் அண்ணன் மகள் எந்தச் சதவீதத்திலும் இல்லை. தோற்றவள் கணக்கிலாவது அவள் இருந்திருந்தால் துணைத்தேர்விலேயே மறுபடி எழுதியிருப்பாள்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். இதை அந்த வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரும் எழுதவில்லை. குதிருக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை தமிழில் 61. கணக்கில் மட்டும் 29 வாங்கி நின்றுவிட்டாள், தேறாதவர்களில் அவள் ஒருத்தி. இன்னொருத்தி கோ-கோ பிள்ளை, சமூக அறிவியல். கடைசித் தேர்வு ஏப்ரல் 15. அன்றைக்குத்தான் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியது. முதல் நாள் எல்லாப் படகும் கரைக்கு வந்தாகிவிட்டது, இரவெல்லாம் வலை இறக்குவதும் ஐஸ் பெட்டி தூக்குவதுமாக வீடே கடற்கரையில். அந்தப் பிள்ளை தூங்காமல் வந்து தேர்வு எழுதியிருக்கிறாள். ஜூன் 14 வரை 61 நாள் அவள் வீட்டுக்கு வருமானம் கிடையாது, கருவாடு விற்பது மட்டும்தான்.

ரிசல்ட் அன்றைக்குச் சாயங்காலமே கிளாஸ் டீச்சர் இரண்டு வீட்டுக்கும் போய்விட்டு வந்துவிட்டார். பிள்ளைகள் பயந்து ஏதாவது செய்துகொள்ளக்கூடாதே என்றுதான் அவ்வளவு அவசரம். ஜூலை 4-ல் துணைத்தேர்வு. திங்கள்கிழமையிலிருந்து ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டிருக்கிறார் சிஸ்டர், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. இவ்வளவு வெயிலில் இரண்டு பேரும் வருகிறார்கள். கணக்குக்கு என் மகள் போகிறாள், டீச்சர் வந்து பார்த்துக்கொள்கிறார். பஸ் காசைப் பிடிஏ கொடுக்கிறது, மத்தியானச் சாப்பாடு மடத்தில். சமூக அறிவியலுக்குத்தான் ஆள் இல்லை, அந்த டீச்சருக்குப் பிரசவ விடுமுறை. பழைய மாணவிகள் யாராவது நாகை, திருவாரூர் பக்கம் இருந்து, வாரத்தில் இரண்டு நாள் வர முடியும் என்றால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். வரைபடம் குறிக்கிற கேள்வியும் காலக்கோடும் சொல்லிக்கொடுத்தாலே போதும், மற்றதை அவளே படித்துவிடுவாள்.