890 என்பது தயாரித்த நாட்டைக் குறிக்காது

பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690 முதல் 699 வரை என்றால் சீனத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. அந்த முதல் மூன்று இலக்கங்கள், எண்ணை ஒதுக்கித் தந்த ஜிஎஸ்1 (பார்கோடு எண்களை வழங்கும் பன்னாட்டு அமைப்பு) கிளை எது என்பதை மட்டுமே காட்டும். 890 ஜிஎஸ்1 இந்தியாவுக்கு உரியது. இலங்கைக் கிளைக்கு 479. இந்தியாவில் எண் பெற்ற நிறுவனம் தன் பொம்மைகளைச் சீனத் தொழிற்சாலையில் செய்து வாங்கினாலும், பெட்டியில் 890 என்றே அச்சாகலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். இதை நம்பிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது பெரிய அநியாயம். கோடுகளை விட்டுவிட்டு, பெட்டியில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். இறக்குமதியான பொட்டலப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன.