திட்ட வேண்டியது லைன் ஆள இல்ல

ரெண்டு வருஷமா நெட் கம்பெனிக்காரங்கள திட்டிட்டு இருந்தேங்க. மாசம் ஒருதடவ போன் போட்டு ஸ்பீடு வரலன்னு சண்டை, அது போதாதுன்னு பிளான 100 எம்பிபிஎஸ்ல இருந்து 200க்கு வேற ஏத்தினேன், ஒரு மாற்றமும் இல்ல. பெட்ரூம்ல உக்காந்து மீட்டிங் பேசினா என் மூஞ்சி அப்படியே வாயத் தொறந்தபடி உறைஞ்சு நிக்கும்.

போன வாரம் வந்த லைன் ஆள் ஒண்ணும் பேசல. அவரோட லேப்டாப்ல லேன் கேபிள சொருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டார், 190க்கு மேல. ஒயர புடுங்கிட்டு அதே லேப்டாப்ப பெட்ரூமுக்கு தூக்கிட்டு போய் போட்டார், 38. "சார், ரவுட்டர் வரைக்கும்தான் எங்க பொறுப்பு, அதுக்கப்புறம் காத்து"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டார். கோவம்தான் வந்துச்சு, ஆனா அந்தாள் சொன்னது அத்தனையும் சரி.

ஒயர்ல ஒரே நேரத்துல அனுப்பவும் செய்யலாம் வாங்கவும் செய்யலாம், குறுக்க யாரும் வர மாட்டாங்க. வைஃபை அப்படி இல்ல, ஒரே வாக்கி டாக்கிய வீடே பங்கு போட்டுக்கிட்ட மாதிரி. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். பேசறதுக்கு முன்னாடி வேற யாராவது பேசறாங்களான்னு கவனிக்கணும், கொஞ்சம் காத்திருக்கணும், அனுப்பினதும் "வந்துருச்சு"ன்னு பதில் வரணும், வரலன்னா மறுபடி அனுப்பணும், இத்தனையும் ஒவ்வொரு தடவையும். அதனாலதான் லேப்டாப்ல 866 எம்பிபிஎஸ்னு லிங்க் ஸ்பீடு, அதாவது லேப்டாப்பும் ரவுட்டரும் பேசிக்கற வேகம், காட்டினாலும் கைக்கு வர்றது அதுல பாதியோ கொஞ்சம் கூடவோதான். ரவுட்டர் டப்பால 1200னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான் பாருங்க, அது வைஃபை ஓடற ரெண்டு அலைவரிசைல, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல வர்ற 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ்ல வர்ற 867ஐயும் கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு போனுக்கு அது முழுசா எப்பவும் வராது. இத ஏமாத்து வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

எனக்கே ஆச்சரியமா இருந்தது என்னன்னா, மூலைல கெடக்கற ஒரு பழைய போன் மொத்த வீட்டையும் இழுத்துப் புடிக்கும். அதுக்கு வேகமா பேச வராது, ஒரே அளவு டேட்டாவுக்கு அது எடுத்துக்கற நேரம் பல மடங்கு, அது முடிக்கற வரைக்கும் உங்க புது போனும் வரிசைல நிக்கணும். சிக்னல் கட்டை முழுசா இருக்கேன்னு கேப்பீங்க. அந்தக் கட்டை ரவுட்டர் சத்தம் எவ்ளோ நல்லா கேக்குதுன்னு மட்டும்தான் சொல்லும், வரிசைல எத்தன பேர் நிக்கறாங்கன்னு சொல்லாது. அந்த வரிசைல பக்கத்து வீட்டுக்காரங்களும் உண்டு, ஏன்னா 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணே மூணுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசை பக்கம்தான் இரையும். 5ல எடம் தாராளம், ஆனா செவுரு வந்தா படுத்துரும். (வைஃபை பேர்ல 5ஜின்னு வர்றது இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான், அது வேற, மொபைல் 5ஜி வேற, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க.)

ரிப்பீட்டர் வாங்கலாம்னு ஒரு நண்பர் சொன்னார். சாதாரண ரிப்பீட்டர்னா கேட்டத அதே சேனல்ல திருப்பிச் சொல்றதுதானே அதோட வேலை, அப்ப ஸ்பீடு பாதியா போகும்ல? வேணாம்னுட்டேன்.

ஒயர் இழுத்தேன். அலமாரில கெடந்த பழைய கேபிள், கிளிப்பு ஒடஞ்சது, பேப்பர மடிச்சு அடக்கி சொருகினேன். டெஸ்ட் போட்டா 94! எத்தன தடவ போட்டாலும் 94. அப்புறம்தான் புரிஞ்சுது, உள்ள இருக்கற நாலு ஜோடி கம்பில ஒரு ஜோடி போனாலும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓடாது, பெரும்பாலும் 100க்கு எறங்கிடும். புதுசா ஒரு கேட் 5இ ரக கேபிள் மாத்தினேன், 190 வந்துச்சு. ஒயர்னாலே சுத்தம்னு நெனச்ச எனக்கு அங்கயும் ஒரு குட்டு.

போனுக்கு ஒயர் சொருக முடியாது, சரி. எடத்த விட்டு நகராத டிவி, கம்ப்யூட்டர் இதுக்கெல்லாம் எதுக்கு வைஃபை? அதுங்கள ஒயருக்கு மாத்தினதும் போன்களுக்கு காத்துல எடம் கெடச்சிருச்சு, இப்ப பெட்ரூம்ல மூஞ்சி உறையறதில்ல. கதவோரமா ஓடற ஒயர பாத்து வீட்ல தெனமும் திட்டு விழுது. பிளான 100க்கே எறக்கிட்டேன்னு சொன்னதுல இருந்து அதுவும் கொறஞ்சிருக்கு.