அலகில் இருக்கும் மீனையும் பாருங்கள்

மீன் தின்னும் நீர்ப்பறவைகளைப் படம் எடுக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நாளுக்கு நாள் படங்கள் அருமையாகிக்கொண்டே போகின்றன. மீன்கொத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல இருக்கிறது. பாராட்டு குவிகிறது. என்ன கேமரா, என்ன லென்ஸ், ஷட்டர் வேகம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்கிறார்கள். அலகில் இருப்பது என்ன மீன், அது அங்கே எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் படத்தில் பாதி அந்த மீன்தான். அதை நாம் கவனிக்காமல் விட்டதால்தான் இந்தத் துறைக்குள் ஒரு பெரிய பொய் சத்தமில்லாமல் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மீன் என்னவெல்லாம் சொல்லும் என்று பார்ப்போம்.

மீன்கொத்தி மீனைப் பிடித்ததும் கிளைக்குத் திரும்பி, வாலருகே கவ்விக்கொண்டு, மீனின் தலையைக் கிளையில் ஓங்கி ஓங்கி அடிக்கும். மீன் துடிப்பது நின்றதும் அலகிலேயே அதைத் திருப்பும். தான் தின்பதாக இருந்தால் மீனின் தலை தன் தொண்டையைப் பார்த்து இருக்கும். தலை முதலில் உள்ளே போனால்தான் செதிலும் முள்துடுப்பும் படிந்து, தொண்டையில் சிக்காமல் இறங்கும். அதே மீனின் தலை வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா? அப்படியானால் அந்த மீன் இன்னொரு வாய்க்குப் போகிறது. இணைக்கோ குஞ்சுக்கோ ஊட்டும்போது அவற்றின் தொண்டைக்குள் தலை முதலில் போக வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அப்படித் திருப்பிப் பிடிக்கிறது. இது தெரிந்தவர் கேமரா திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவுடனே ஒன்றைப் புரிந்துகொள்வார். பக்கத்தில் எங்கேயோ கரையில் ஒரு பொந்து இருக்கலாம், தான் அதன் வழியில் நிற்கலாம். உடனே பின்வாங்குவார். தெரியாதவர் இன்னும் பத்தடி முன்னால் போவார். பறவை அலகில் மீனோடு கிளை கிளையாக மாறி மாறி உட்காரும், பொந்துக்குள் மட்டும் போகாது. அவருக்கு நிறையப் படங்கள் கிடைக்கும். உள்ளே குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

பாம்புத்தாராவைப் பாருங்கள். அது மீனைக் கவ்வுவதில்லை, நீருக்கடியில் குத்துகிறது. கழுத்து எலும்புகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் சேரும் இடத்தில் உள்ள மடிப்பு, வில்லில் இருந்து அம்பு பாய்வதுபோலத் தலையை முன்னே தள்ளிவிடும். மேலே வரும்போது மீன் அலகில் செருகி நிற்கும். தலையை உதறி உதறி அதைத் தளர்த்தி, மேலே தூக்கிப் போட்டு, தலை கீழாக விழும்படி பிடித்து விழுங்கும். அந்தத் தூக்கிப் போடும் நொடிக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அதற்கு முந்தைய ஃப்ரேம்களை அழித்துவிடாதீர்கள். மீனின் விலாவில் குத்துப்பட்ட இடம் அதில்தான் தெரியும். நீர்க்காகம் பிடித்த மீனில் அந்தத் துளை இருக்காது. அதன் அலகு நுனி கொக்கிபோல வளைந்தது, கவ்விப் பிடிக்கும். விராலடிப்பான் என்ற, மீன் பிடிக்கும் வேட்டைப்பறவை மீனோடு பறக்கும் படமாக இருந்தால் கால்களைக் கவனியுங்கள். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, மீனின் தலை காற்றை எதிர்த்து இருக்கும்படி நேராக்கிக்கொண்டு போகும். வெளிவிரலைப் பின்பக்கமாகத் திருப்ப முடிவதால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என வழுக்கும் மீனை இறுக்கிப் பிடிக்கிறது.

மீனும் தெளிவாகத் தெரியும் படம் அறிவியலுக்கும் பயன்படும். 2017-ல் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. பொதுமக்களிடம் ஓர் உதவி கேட்டது. பஃபின் என்ற கடற்பறவைகள் கூட்டுக்கு மீன் கொண்டுபோகும் படங்கள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள் என்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. எந்தக் கரையில் குஞ்சுகளுக்கு எந்த மீன் கிடைக்கிறது, எவ்வளவு பெரியது கிடைக்கிறது என்று அந்தப் படங்களை வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகளுக்கு முக்கியமான சாண்ட் ஈல் என்ற ஒல்லியான மீன் குறைந்தால் அந்தப் பறவைகளும் குறையும், அதனால்தான் இந்தக் கணக்கு. படம் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் விஞ்ஞானிகள் இல்லை. நம்மைப் போலக் கேமராவும் ஆர்வமும் உள்ளவர்கள்தான்.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன்.

நீரோரத்தில் அழகான ஒரு குச்சியை நட்டு வைக்கிறார்கள். அதன் நேர் கீழே, தண்ணீருக்குள் ஒரு தொட்டியை அமிழ்த்தி, வாங்கி வந்த சின்ன மீன்களை அதில் விடுகிறார்கள். மீன்கொத்திக்கு வேறு இடம் தேட வேண்டிய வேலையே இல்லை. உட்காரும் இடம் தெரியும், விழும் இடம் தெரியும், எழும் இடமும் தெரியும். ஃபோகஸை முன்கூட்டியே அங்கே நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் போதும். பின்னணியும் வெளிச்சமும்கூட முதலிலேயே முடிவானவை. பிறகு அந்தப் படம் 'காட்டில் ஒரு காலை' என்ற தலைப்போடு வெளியாகிறது. தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களைக் கேட்டிருக்கிறேன். பறவைக்கு உணவுதானே கிடைக்கிறது, அதற்கு என்ன நஷ்டம் என்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. ஆழமில்லாத தொட்டிக்குள் வேகமாகப் பாயும் பறவை அடியிலோ விளிம்பிலோ மோத வாய்ப்பிருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த மீன் தொட்டியைத் தாண்டி ஓடிவிட்டால் அந்த நீர்நிலையில் இல்லாத இனமும் நோயும் உள்ளே போகின்றன. தூண்டில் இரைக்கென்று கொண்டுபோன மீன்களைத் தண்ணீரில் விட்டதால் அயல் இனங்கள் பரவிய கதை பல நாடுகளில் நடந்ததுதான். தினமும் ஒரே இடத்தில் இரை கிடைத்துப் பழகிய பறவை மனிதரைக் கண்டு விலகுவதையும் குறைத்துக்கொள்ளும். எல்லா மனிதரும் கேமராவோடு வருவதில்லை.

ஆனால் என் முதல் ஆட்சேபம் அந்த மீனைப் பற்றியது. அந்த மீன் அந்த ஆற்றின் மீன் இல்லை. அந்த ஆறு உயிரோடு இருக்கிறதா, குஞ்சு பொரிக்கும் காலத்தில் அங்கே போதுமான இரை இருக்கிறதா என்று படம் சொல்லவேண்டியதை நாம் தொட்டியை வைத்து அழித்துவிடுகிறோம். பத்து வருடம் கழித்து ஒருவர் நம் படத்தைப் பார்த்து, இந்த இடத்தில் அப்போது இந்த மீன் இருந்திருக்கிறது என்று எழுதிவைத்தால் அது யாருடைய தப்பு?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் உயிருள்ள இரையை வைத்து எடுத்த படங்களுக்கு இடமில்லை. மற்ற போட்டிகளும் இதைக் கடுமையாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே சமயம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஸ்காட்லாந்திலும் ஃபின்லாந்திலும் மீன் விட்ட குளங்களின் ஓரம் மறைவிடம் கட்டி, விராலடிப்பான் வந்து பாய்வதைப் படம் எடுக்க வசதி செய்கிறார்கள். பறவை தானாக வருகிறது, தானாகப் போகிறது. இது மீன் குளம் என்பது வருகிற எல்லோருக்கும் தெரியும். படத்தின் கீழேயும் அப்படியே எழுதிவிட்டால் எனக்கு அதில் சண்டை இல்லை. மறைப்பதில்தான் சண்டை.

"இரை வைக்காமல் அந்த நொடியைப் பிடிக்கவே முடியாது" என்று இன்னொரு வாதம். ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. மீன்கொத்தி நீரைத் தொடும் நொடியை, நீரில் தெரியும் பிம்பமும் சேர்ந்து வரும்படி சரியாகப் பிடிக்க ஸ்காட்லாந்தின் ஆலன் மெக்ஃபேடியன் ஆறு வருடங்களில் சுமார் 7,20,000 படங்கள் எடுத்தார் என்று 2015-ல் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அப்படிப்பட்ட பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று கேமராக்களே மாறிவிட்டன. 2016-ல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் டூ கேமராவிலேயே, பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய ஃப்ரேம்களையும் சேர்த்துத் தரும் வசதி இருந்தது. இப்போது பல நிறுவனங்களின் கேமராக்களில் அது இருக்கிறது. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் வந்துவிட்டது. பறவை பாய்ந்த பிறகு அழுத்தினாலும் பாய்ந்த படம் கையில் இருக்கும். இவ்வளவு வசதியையும் வைத்துக்கொண்டு தொட்டி எதற்கு?

அப்புறம், காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. பறவை முன்கூட்டியே சொல்லிவிடும். மீன்கொத்தி தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளந்தால் தயாராகுங்கள். கொக்கு கழுத்தை நீட்டிச் சாய்த்து அப்படியே உறைந்தால், விரலைப் பொத்தானில் வையுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் மீன் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும், அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் அது குத்துகிறது. உட்கார்ந்திருக்கும் பறவை எச்சமிட்டால் பெரும்பாலும் அடுத்து பறக்கப் போகிறது. ஆக்‌ஷன் ஷாட் பழகுகிறவர்களுக்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் போல நல்ல ஆசான் கிடையாது. காற்றே இல்லாத இடத்திலும் ஒரே புள்ளியில் சிறகடித்து நிற்கக்கூடிய பறவைகளில் அதுதான் பெரியது. அது நிற்கும்போது ஃபோகஸ் செய்ய நேரம் தரும். பாய்வதை எடுக்க ஷட்டர் வேகத்தை 1/2500 நொடி அல்லது அதற்கும் வேகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் சில கேமராக்கள் சிறகை வளைத்துக் காட்டும், அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெயிலில் வெண்கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் (பாதி) வரை குறைக்காவிட்டால் வெள்ளை இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நீர்க்காகத்துக்கு நேர் எதிர். முடிந்தவரை தாழ்ந்து, நீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து எடுங்கள். மீனின் துடுப்பும் செவுளும் பக்கவாட்டில் தெரிவதற்கு அந்தக் கோணம்தான் சரி.

கூடுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனம் வரவில்லை. வெண்கொக்குகளின் முதுகில் இழை இழையாகத் தொங்கும் மெல்லிய இறகுகள் இனப்பெருக்கக் காலத்தில்தான் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களின் தொப்பிகளுக்காக அந்த இறகு வேண்டியிருந்தது. அதனால் கூடு கட்டியிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். 1906-ல் ஆர்தர் மாட்டிங்லி என்ற ஆஸ்திரேலியர் அப்படிச் சூறையாடப்பட்ட ஒரு கொக்குக் குடியிருப்பைப் படம் எடுத்தார். தாய்ப்பறவை செத்துக் கிடக்கிறது, கூட்டில் குஞ்சுகள் இரைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கின்றன. 1911-ல் அந்தப் படங்களைப் பலகைகளில் ஒட்டி லண்டன் தெருக்களில் ஆட்கள் சுமந்து நடந்தார்கள். 1921-ல் பிரிட்டனில் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தது. மீன் தின்னும் பறவை ஒன்றைக் காப்பாற்றியதில் கேமராவுக்கும் பங்கு உண்டு என்று நாம் தாராளமாகப் பெருமைப்படலாம்.

அதே இறகுக்காக, அதே பருவத்தில், அதே கூடுகளை நோக்கி இன்று நாம் கேமராவோடு போகிறோம். நாம் கொல்வதில்லைதான். ஆனால் பெரிய பறவை எழுந்து பறந்துவிட்டால், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காக்கை கொண்டுபோகும். கூடுகளுக்கு மேலே டிரோன் பறக்கவிடுவதை என்னால் மன்னிக்கவே முடியாது. பிரிட்டனில் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டில் இருக்கும் மீன்கொத்தியைத் தெரிந்தே தொந்தரவு செய்வது குற்றம். படம் எடுக்கத்தான் போனேன் என்று சொன்னால் தப்பிக்க முடியாது. எல்லா நாட்டிலும் அப்படி இருக்க வேண்டும். நீளமான லென்ஸும் தூரத்து மறைவிடமும் இல்லாதவர் கூட்டுப் படமே எடுக்க வேண்டாம், குடி முழுகிப் போகாது.

படம் எடுத்த பிறகு செய்யவேண்டியதும் இருக்கிறது. பறவையின் கண்ணை நடுவில் கொண்டுவருவதற்காக மீனின் வாலை வெட்டிவிடாதீர்கள். அலகில் நைலான் தூண்டில் நூல் சுற்றியிருந்தால், மீனோடு பிளாஸ்டிக் துண்டும் வந்திருந்தால், அசிங்கமாக இருக்கிறதென்று மென்பொருளால் துடைத்துவிடாதீர்கள். வெட்டாத, திருத்தாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கீழே இரை வைத்தோமா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். குழுக்களை நடத்துகிறவர்கள் அந்த ஒரு வரி இல்லாத படத்தை ஏற்க மாட்டோம் என்று சொன்னாலே பாதித் தொட்டிகள் காணாமல் போய்விடும்.

பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். அதன் இனப்பெருக்கக் குறியீடுகளில் உணவு சுமந்து செல்வதற்கென்றே ஒன்று இருக்கிறது. மீனின் தலை வெளிப்பக்கம் பார்த்திருக்கும் உங்கள் மீன்கொத்திப் படம் அதற்கு ஒரு குறிப்பு, ஆனால் மீன் இணைக்கும் போகலாம் என்பதால் அது மட்டுமே முழுச் சான்று ஆகாது. எல்லா உயிரினங்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரே படத்தை இரண்டு பதிவுகளாகப் போடலாம், ஒன்று பறவைக்கு, இன்னொன்று மீனுக்கு. பெரும்பாலானோர் பறவைக்கு மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பழைய படங்களைத் திறந்து அந்த இரண்டாவது பதிவையும் போடுங்கள். என்ன மீன் என்று தெரியாவிட்டாலும் வெறுமனே 'மீன்' என்று போட்டால் போதும், தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள்.